தந்தையர் தேர்ந்த கல்வி

மக்களை எப்பள்ளியிற் சேர்ப்பது, பள்ளிப் பாடத்தின் மேலும் எக்கலையைப் பயிற்றுவது என்னும் கவலை இக்காலப் பெற்றோர்க்கே உரியதென்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் வரலாற்றோடு பொருந்துவதன்று. 1835இல் ஆங்கிலேய அரசு ஆங்கிலக் கல்விக்கு முதன்மை அளித்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இவற்றால் தமிழகத்துத் தந்தையர்க்குப் புதியதொரு வழி திறந்தது. பழைய வழியும் அடைபட்டிலது. வழி இரண்டான பொழுதே தேர்வும், தேர்வைப் பற்றிய ஐயமும் பிறந்தன. அத்தேர்வினைத் தமிழிலக்கிய வரலாற்றிற் சிறந்த இருவர்தம் தந்தையரை வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஒருவர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர். மற்றவர் பாரதியாரின் தந்தையார் சின்னச்சாமி ஐயர்.

வேங்கடசுப்பையர் இசைவாணர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, ஊரார் அளிக்கும் நெல்லும் பொருளும் கொண்டு குடும்பம் நடத்தியவர். 1855இற் பிறந்த தம் மகனை இசைவல்லுநன் ஆக்குதலே அவர்தம் முதல் விருப்பம். உறவினருட் சிலர் வடமொழியே தக்கதென்றனர். சிலர் ஆங்கிலமே வாழ்வளிக்கும் என்றனர். மகனுக்கோ தமிழில் மட்டுமே உள்ளம் ஊன்றியது. அரியலூரில் சடகோபையங்கார் ஊட்டிய சுவையே அதற்கு வித்து எனலாம். பின்னர்க் குன்னத்தில் ஒருவர், செங்கணத்தில் ஒருவர் என ஆசிரியர் இருக்கும் இடம் நாடி அக்குடும்பம் பெயர்ந்தது. மகன் பாடங் கேட்கும் வாய்ப்பையே கருதித் தந்தை தம் இருப்பிடத்தை வகுத்துக்கொண்டார். இறுதியில், 1871இல், மாயூரத்திலிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனை ஒப்புவித்தார்.

அங்கும் இசையாசை அவரை விட்டிலது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்பொழுது மாயூரத்தில் இருந்தார். அவரிடம் மகன் இசையும் பயின்றார். இக்காலத்துப் பெற்றோர் பள்ளிக்கு வெளியே ஏற்பாடு செய்யும் கலைப்பயிற்சி போன்றதே இதுவும். ஆயின் இசையிற் புகுந்த மனம் இலக்கண இலக்கியத்தில் ஆழ்ந்து நில்லாது என்பது பிள்ளையவர்கள் கருத்து. அதனை அறிந்த மாணாக்கர் இசைப்பாடத்தை நிறுத்தினார். தந்தையின் முதல் விருப்பம் இவ்வாறு முற்றும் கைவிடப்பட்டது.

எட்டயபுரத்துச் சின்னச்சாமி ஐயர் வேறு இயல்பினர். கணிதத்திலும் மேலைநாட்டுப் பொறிநுட்பத்திலும் பற்று மிக்கவர். பருத்தி ஆலை நிறுவ முயன்றவர். 1882இற் பிறந்த மகன் இளமையிலேயே கவிபாடி, எட்டயபுரத்தில் 'பாரதி' என்னும் பட்டமும் பெற்றான். தந்தையோ மகன் ஆங்கிலமும் கணிதமும் கற்று உயர்தலையே விரும்பினார். 1894இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு மகன் அனுப்பப்பட்டான். ஆலை முயற்சி முறிந்து பொருள் அழிந்தது. 1898இல் தந்தை மறைந்தார்.

1910இல் வெளிவந்த 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாட்டில் பாரதியார் அக்கல்வியைக் கடுமையாகச் சாடுகின்றார். தந்தையின் பொருள் செலவானதன்றித் தமக்கு நன்மை விளைந்திலது என்பதும், கம்பனையும் காளிதாசனையும் அறியாது ஒழிய வைத்த கல்வி அது என்பதும் அவர்தம் குற்றச்சாட்டுகள். இதனை ஐயரவர்களின் 'என் சரித்திரம்' காட்டும் நன்றியுணர்ச்சியோடு ஒப்பிட்டு, தமிழ் கற்பித்த தந்தை சரியாகத் தேர்ந்தார், ஆங்கிலம் கற்பித்த தந்தை தவறினார் என முடிவு கட்டுதல் எளிது. அம்முடிவு ஏற்புடைத்தன்று என்பதே எம் கருத்து. அதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, இரண்டும் மக்கள் கூற்றுகள். தந்தையர் கூற்றுகள் அல்ல. 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. ஆசிரியர் அப்பொழுது எண்பத்தைந்து வயதை எய்திப் புகழின் உச்சியில் இருந்தார். பாரதியாரோ இருபத்தெட்டு வயதும் நிரம்பாத நிலையில், அரசின் பகைக்கு அஞ்சிப் புதுச்சேரியில் வறுமையோடு வாழ்ந்த காலத்திற் பாடினார். இன்பமாக முடிந்த வாழ்வு தந்தையின் செயலை நல்லதாகக் காட்டும்; இடர்ப்பட்ட வாழ்வு அதனையே தீயதாகக் காட்டும். இவ்வேறுபாட்டைக் கழித்தே சான்றுகளை மதிப்பிடுதல் வேண்டும்.

இரண்டாவது, பாரதியார் தாம் பழித்த கல்வியாற் பயன் பெறாதவர் அல்லர். ஷெல்லியின் பாடல்களில் ஈடுபட்டு, 'ஷெல்லிதாசன்' என்னும் புனைபெயரும் பூண்டவர் அவர். 1904இல் சுதேசமித்திரனில் அவர் பெற்ற பணி, ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் ஆக்குதலாகும். ஆங்கிலப் பயிற்சி இன்றேல் அவ்வாயில் திறந்திராது. தமிழ் உரைநடையும் இதழியலும் அவராற் பெற்ற ஆக்கம் அவ்வாயிலின் வழி வந்ததே.

மூன்றாவது, ஐயரவர்களின் உயர்வும் பழைய வழி ஒன்றினாலேயே அமைந்ததன்று. 1880இல் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அக்கல்லூரி புதிய கல்விமுறை ஈன்ற நிலையம். சீவக சிந்தாமணியைக் கற்குமாறு அவரைத் தூண்டியவர் அவ்வாண்டிலேயே அங்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார். ஆங்கிலங் கற்ற நீதிமன்ற அலுவலர். அத்தூண்டுதலின் பயனே 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பு. தந்தை விலக்கிய ஆங்கிலக் கல்வியின் உலகமே மகனுக்கு ஊதியமும், வாழ்நாட் பணிக்கு முதல் ஏவுதலும் அளித்தது.

ஆகவே, பள்ளியின் சிறப்பாலோ மொழியின் சிறப்பாலோ இவ்விரு வாழ்க்கைகளை விளக்குதல் இயலாது. இருவரும் தாம் பெற்ற கல்வியோடு, தந்தை தேர்ந்து தாராத ஒன்றையும் சேர்த்துக்கொண்டே உயர்ந்தனர். எனினும் தந்தையரிடையே வேறுபாடு ஒன்று உண்டு. வேங்கடசுப்பையர் மகனின் நாட்டம் புலப்பட்டபொழுது தம் கணக்கைத் திருத்திக்கொண்டார். தாம் உயிரெனப் போற்றிய இசையையும் விட்டுக்கொடுத்தார். சின்னச்சாமி ஐயர் மகன் கவிஞன் என ஊரார் பட்டம் சூட்டிய பின்னரும், தாம் அவாவிய துறையிலேயே அவனைச் செலுத்த முனைந்தார். அன்பில் இருவரும் ஒப்பர். மகனை நோக்கிய கண்ணில் ஒவ்வார்.

மேலும் ஒன்று கருதற்பாலது. இத்தேர்வு அனைத்தும் ஆண்மக்கள் பொருட்டே நிகழ்ந்தது. அக்காலத்துக் குடும்பங்கள் பலவற்றுள் பெண்மகவுக்கு எக்கல்வி தக்கது என்னும் வினாவே எழுந்திலது. கல்வி வரலாறு எழுதுவோர், பெற்றோர் எதனைத் தேர்ந்தனர் என்பதோடு, யார் பொருட்டுத் தேர்ந்திலர் என்பதையும் ஆராய்தல் கடன் எனக் கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.