தப்பால் பையும் அலைக்கோபுரமும்: ஊவாத் தோட்டங்களின் கம்பியில்லாக் கதை

ஊவாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கடிதங்கள் தப்பால்காரரின் பையில்தான் வந்து சேரும். அவையும் நேரே லயத்துக்கு வருவதில்லை. முதலில் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்ட பின்னரே உரியவர் கைக்குக் கிடைக்கும். தொலைபேசி துரையின் பங்களாவிலும் காரியாலயத்திலும் மட்டுமே மணியடித்தது. தந்தி வந்தால், அதைப் பிரிக்கும் முன்னரே லயத்தில் அழுகுரல் எழுந்துவிடும். சாவுச் செய்தியைத் தவிர வேறெதற்கும் அங்கே தந்தி வந்ததில்லை.

இன்று பசறையிலும் அப்புத்தளையிலும் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணின் இடுப்பில் கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. இலங்கையில் கையடக்கத் தொலைபேசி இணைப்புகளின் எண்ணிக்கை மக்கள்தொகையைக் கடந்து பல ஆண்டுகளாகிவிட்டன. இந்த மாற்றம் பற்றி நிறையவே பேசுகிறோம். ஆனால் அந்த அலைகளை ஆளும் தொழில் யார் கைக்குப் போனது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது பற்றி அதிகம் பேசுவதில்லை.

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். அதற்கு அடுத்த ஆண்டு, 1925 டிசம்பர் 16ஆம் திகதி, கொழும்பு வானொலி முறையாகத் தொடக்கிவைக்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே அவர் தமது ஆரம்பப் பரிசோதனைகளை நடத்தினார் என்பர். அன்று தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, இலங்கையில் கம்பியில்லாத் தொழிலைக் கற்கவும் அதில் பிழைக்கவும் விரும்பிய எவருக்கும் பிரதான வாசல் அரசாங்க உத்தியோகமாகவே இருந்தது.

அந்த வாசல் தோட்டத் தமிழருக்கு மூடியே கிடந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. நாடற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அந்தக் கதவின்மேல் இன்னொரு தாழ்ப்பாளாயிற்று. தோட்டப் பாடசாலைகளோ, 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை, பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டன. லயத்தில் ஒருவன் வானொலிப் பெட்டியைத் திறந்து பழுதுபார்க்கத் தானாகவே கற்றுக்கொண்டாலும், அது பொழுதுபோக்காக முடிந்ததே தவிர உத்தியோகமாகவில்லை.

இங்கே இரண்டு காலக்கோடுகள் சந்திப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க 1988இல் ஒரு சட்டமும், அதில் விடுபட்டோருக்காக 2003இல் இன்னொரு சட்டமும் வந்தன. இவற்றுக்கு இடைப்பட்ட காலத்திலேயே கம்பியில்லாத் துறையில் அரசின் தனியுரிமை உடைந்தது. 1989இல் செல்டெல் நிறுவனம் தெற்காசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையை இலங்கையில் ஆரம்பித்தது. 1991இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1995இல் டயலொக் நிறுவனம் ஜிஎஸ்எம் என்னும் இலக்கமுறைச் சேவையைக் கொண்டுவந்தது. தோட்டத் தமிழர் பிரஜைகளான அதே காலத்தில், அரசாங்கத்துக்கு வெளியேயும் இத்தொழில் பிறந்தது.

ஊவாவின் மலைகள் இத்தொழிலுக்குக் கடுமையான பள்ளிக்கூடம். ஜிஎஸ்எம் கோபுரமொன்றின் எல்லை ஏட்டளவில் 35 கிலோமீற்றர். ஆனால் நமுனுகுலை போன்ற மலைத்தொடர் குறுக்கே நின்றால், மறுபுறம் ஒரு கிலோமீற்றரில்கூட அலை கிட்டாது. கோபுரம் நகரத்தையும் பெருந்தெருவையும் பார்த்து நிற்கும். லயங்களோ மலையின் மடிப்புக்குள் ஒடுங்கியிருக்கும். 900 மெகாஹேர்ட்ஸ் அலை 1800ஐவிடச் சற்று வளைந்து அந்த மடிப்புக்குள் நுழையும். அன்டெனாவை எத்தனை பாகை சரிக்க வேண்டும், அடுத்த கோபுரத்தோடு மைக்ரோவேவ் இணைப்பு எந்த முகட்டைத் தாண்ட வேண்டும், மின்னல் தாக்காமல் நிலத்தொடுப்பு எப்படி அமைய வேண்டும், மின்சாரம் போனால் பற்றரி எத்தனை மணிநேரம் தாங்கும் என்பனவெல்லாம் கருவியோடு மலையேறி அளந்து அறிய வேண்டியவை.

இதனை வெறும் பிழைப்புக்கான தொழில் என்று தள்ளிவிட முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் கூறினர். கையடக்கத் தொலைபேசிக்கு அனர்த்த எச்சரிக்கை அனுப்பும் முறையொன்று, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு 2009 முதலே இந்நாட்டில் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. நாடளாவிய ரீதியில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தொலைத்தொடர்பு அறுந்து பல ஊர்கள் தனித்தீவுகளாயின. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. எந்த மடிப்பில் எந்த லயம் இருக்கிறது, அங்கே எந்த மொழி பேசப்படுகிறது என்று அறிந்த பொறியியலாளர் அந்த மலையிலிருந்தே வரவேண்டியதன் தேவையை இதைவிட எப்படிச் சொல்வது?

வழிகள் இன்று இருக்கின்றன. மொறட்டுவையில் இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் பிரிவு உண்டு. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பட்டது. உயர்தரத்தில் தவறியவரும் தேசிய தொழிற்றகைமைப் படிகளில் ஏறி, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிநுட்பவியல் பல்கலைக்கழகம்வரை செல்லலாம். கோபுரம் ஏறும் தொழிலாளியாகவோ பராமரிப்பு உதவியாளராகவோ தொடங்கி, அலை அளக்கும் பணிக்கும் வலையமைப்புத் திட்டமிடலுக்கும் உயரலாம்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. பதுளை பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகை பல்கலைக்கழக அனுமதியில் உண்டு. ஆனால் லயத்துப் பிள்ளையும் பதுளை நகரத்துப் பிள்ளையும் அந்த ஒரே கோட்டாவுக்குள் போட்டியிட வேண்டும். உயர்தரக் கணிதமும் பௌதிகமும் தமிழில் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

பிரஜாவுரிமைக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த சமூகம் இது. இனி ஒரு கணித ஆசிரியருக்காகவும் அவ்வளவு காலம் அதைக் காக்கவைக்கலாகாது.