மூலக்கூறு மோதலில் ஆற்றல் பரிமாற்றம்

வாயுவில் உள்ள சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதும்போது அவற்றின் ஓட்ட ஆற்றலும், சுழற்சி, அதிர்வு ஆகிய உள்ளாற்றல்களும் கைமாறும் நிகழ்வு. அறை வெப்பநிலையில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சராசரியாக 475 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே அது கடக்கும் தூரம் 70 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எனவே நொடிக்கு ஏறக்குறைய 700 கோடி மோதல்கள் நேர்கின்றன. இத்தனை மோதல்கள் இருக்கையில் ஆற்றல் எல்லா வகை இயக்கங்களுக்கும் உடனே பங்கிடப்பட்டுவிடும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை என்பதே இத்துறையின் தொடக்கம்.

ஓட்ட ஆற்றல் ஒன்றிரண்டு மோதல்களிலேயே சமப்பட்டுவிடுகிறது. நைட்ரஜன், ஆக்சிஜன் போன்றவற்றில் சுழற்சிக்குச் சில மோதல்கள் போதும். சுழற்சியின் ஆற்றல் படிகள் அகன்று நிற்கும் ஹைட்ரஜனுக்கு மட்டும் சுமார் முந்நூறு வேண்டும். அதிர்வின் கதை வேறு. கரியமில வாயுவின் வளைவதிர்வு அடங்க ஐம்பது, அறுபது ஆயிரம் மோதல்களும், தூய ஆக்சிஜனின் அதிர்வு அடங்கக் கோடிக் கணக்கை எட்டும் மோதல்களும் தேவைப்படுகின்றன.

வரலாறு

1857-இல் ருடால்ஃப் கிளாசியஸ், வாயுவின் வெப்பம் என்பது மூலக்கூறுகளின் ஓட்டம் மட்டுமன்று, அவற்றின் சுழற்சியும் அதிர்வும் சேர்ந்ததே என்று எழுதினார். டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் உடனே மடக்கினார்: மூலக்கூறுகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுமானால், அறையின் ஒரு மூலையில் திறந்துவிட்ட வாயு மறுமூலைக்கு வர ஏன் இவ்வளவு நேரமாகிறது? அதற்கு விடையாகவே 1858-இல் கிளாசியஸ் சராசரி மோதலிடைத் தூரம் என்ற கருத்தைக் கொண்டுவந்தார். ஓடுவது உண்மை; ஆனால் அடிக்கு அடி முட்டிக்கொண்டு ஓடுகிறது.

மாக்ஸ்வெல் 1860-இல் வெளியிட்ட கணக்கில் ஆற்றல் எல்லா இயக்கங்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும் என்று வந்தது. சொரசொரப்பான கோளங்களாக மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தால் இரு தன்வெப்பங்களின் விகிதம் 1.333, காற்றுக்கு அளந்து கண்டதோ 1.408. இந்த முரண் தம் கோட்பாட்டையே கவிழ்த்துவிடும் என்று அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். போல்ட்ஸ்மன் 1876-இல் இரு குண்டுகளை விறைத்த கம்பியால் இணைத்தது போன்ற மூலக்கூறை வைத்து 1.4 என்ற எண்ணை வரவழைத்தார். கம்பி ஏன் அதிராமல் விறைத்து நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் விடையில்லை.

ஜேம்ஸ் ஜீன்ஸ் ஒரு விடை சொன்னார்: அதிர்வும் ஆற்றலைப் பெறும், ஆனால் மிக மிக மெதுவாகப் பெறும், நாம் அளந்து முடிப்பதற்குள் அதன் பங்கு வந்து சேராது. தன்வெப்பப் புதிருக்கு இது சரியான விடையன்று. நைட்ரஜனை ஒரு படி அதிரவைக்கத் தேவையான ஆற்றல் அறை வெப்பநிலை தரும் ஆற்றலைப்போல் பதினொரு மடங்கு என்பதே உண்மைக் காரணம். குவாண்டம் கொள்கை அதைத் தெளிவாக்கியது. அறையில் உள்ள நைட்ரஜன் மூலக்கூறுகளில் எழுபதாயிரத்தில் ஒன்றுதான் அதிர்வில் மேற்படியில் இருக்கிறது. ஆயினும் ஜீன்ஸ் சொன்ன மெதுத்தன்மை பொய்யாகவில்லை. தவறான கேள்விக்குச் சொன்ன சரியான விடையாக அது கால் நூற்றாண்டு காத்திருந்தது.

ஒலி தந்த சான்று

வாயுவில் ஒலியின் வேகம் தன்வெப்ப விகிதத்தைப் பொறுத்தது என்பது லாப்லாஸ் காலத்திலிருந்து தெரிந்த செய்தி. ஹார்வர்டின் ஜி. டபிள்யூ. பியர்ஸ் 1925-இல் அதைப் புதிய கருவியால் அளந்தார். மின்னதிர்வூட்டப்பட்ட குவார்ட்ஸ் படிகத்தின் முகம் வாயுவில் ஒலியை எழுப்பும். எதிரே ஒரு தட்டு ஒலியைத் திருப்பி அனுப்பும். திருகைச் சுழற்றித் தட்டை நகர்த்தினால், ஒவ்வோர் அரை அலைநீளத்துக்கும் படிகத்தை இயக்கும் வால்வுச் சுற்றின் மின்னோட்ட முள் ஒருமுறை துள்ளும். துள்ளல்களை எண்ணி, தட்டு நகர்ந்த தூரத்தைப் பார்த்தால் அலைநீளம் கிடைத்துவிடும். அதை அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம். கரியமில வாயுவில் அதிர்வெண் கூடக்கூட வேகமும் கூடியது. அதுவரை எல்லாச் சுருதியும் ஒரே வேகத்தில் செல்லும் என்றே கொள்ளப்பட்டிருந்தது.

காரணத்தை 1928-இல் ஹெர்ட்ஸ்ஃபெல்டும் ரைஸும் சொன்னார்கள். ஒலியலை வாயுவை நெருக்கிச் சூடாக்குகிறது, பிறகு தளர்த்திக் குளிர்விக்கிறது. அலை மெதுவாக மாறினால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு மூலக்கூறுகளின் அதிர்வுக்குள் போய்த் திரும்பி வர நேரமிருக்கும். வேகமாக மாறினால் கதவு திறப்பதற்குள் அலை கடந்துவிடும், அதிர்வு கணக்கில் சேராது, வாயு விறைப்பாக நடந்துகொள்ளும், ஒலி விரையும். கரியமில வாயுவில் இந்த மாற்றம் வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 30,000 ஹெர்ட்ஸை ஒட்டி நிகழ்கிறது. வேகம் மொத்தத்தில் 4 விழுக்காடு அளவுக்கு உயர்கிறது. 1931-இல் ஜெர்மானியர் க்னேசர் இதைத் துல்லியமாக ஆராய்ந்தார்.

அதே ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் வெர்ன் நுட்சன் அறைகளின் எதிரொலியை அளந்துகொண்டிருந்தார். சுவர் மாறவில்லை, பொருள்கள் மாறவில்லை. காற்றின் ஈரம் மாறினால் உச்சத் தொனிகள் அடங்கும் நேரம் மாறியது. குற்றவாளி ஆக்சிஜன் என்று க்னேசர் கண்டார். முற்றிலும் உலர்ந்த காற்றில் ஆக்சிஜனின் அதிர்வு ஒலியோடு சேர முடியாத அளவுக்கு மெதுவானது. நீராவி மூலக்கூறுகள் அதற்குத் தரகர் வேலை பார்க்கின்றன. ஆக்சிஜனின் அதிர்வுப் படியும் நீரின் வளைவதிர்வுப் படியும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால் கொடுக்கல் வாங்கல் எளிதாகிறது. உலர்ந்த காற்றில் 24 ஹெர்ட்ஸாக இருக்கும் ஆக்சிஜனின் தளர்வு அதிர்வெண் (அதிர்வு ஒலியோடு ஈடுகொடுக்கக்கூடிய எல்லை), நூற்றில் ஒரு பங்கு நீராவி கலந்தாலே 30,000 ஹெர்ட்ஸை நெருங்கிவிடும். ஆகவே ஒலிக்கு மிகப் பெரிய இழப்பு வறண்ட காற்றிலும் இல்லை, ஈரக்காற்றிலும் இல்லை. இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. 4,000 ஹெர்ட்ஸ் தொனிக்கு 20 பாகை செல்சியஸில் அது சுமார் 10 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம்.

கோட்பாடு

லெவ் லாண்டாவும் எட்வர்ட் டெல்லரும் 1936-இல் எழுதிய கட்டுரையே இத்துறையின் அடிக்கல். அதன் தலைப்பும் ஒலி பற்றியதுதான். வீணைத் தந்தியை விரலால் மெல்ல அழுத்தி மெல்ல விட்டால் நாதம் எழாது, சுண்டினால்தான் எழும். மோதலும் அப்படியே. இரு மூலக்கூறுகள் நெருங்கி விலக ஏறத்தாழ 100 ஃபெம்டோநொடி ஆகிறது. நைட்ரஜனின் ஒரு அதிர்வுக்கு 14 ஃபெம்டோநொடியே போதும். மோதல் அதிர்வைவிட மெதுவானது என்பதால் தந்தி அழுத்தப்படுகிறதே தவிர சுண்டப்படுவதில்லை. மிக வேகமாக வந்து மோதும் சிலவே சுண்டும் வேலையைச் செய்கின்றன. பரிமாற்ற வீதத்தின் மடக்கை வெப்பநிலையின் கன மூலத்தோடு தலைகீழாக மாறுகிறது என்ற அவர்களின் முடிவு இதிலிருந்து வந்தது. 1952-இல் ஷ்வார்ட்ஸ், ஸ்லாவ்ஸ்கி, ஹெர்ட்ஸ்ஃபெல்ட் மூவரும் இதைக் குவாண்டம் முறையில் விரித்தனர். 1963-இல் மில்லிகனும் ஒயிட்டும் அதிர்ச்சிக் குழாய் அளவீடுகளைத் தொகுத்து ஒரே சூத்திரத்தில் அடக்கினர். ஹைட்ரஜன் அணுவைத் தாங்கிய மூலக்கூறுகள் இந்தக் கோட்டுக்குள் நிற்பதில்லை. அங்கே சுழற்சியும் கவர்ச்சி விசையும் குறுக்கிடுகின்றன.

வேதிவினைகளுக்கும் மோதலே முதல். தனி மூலக்கூறு தானாகச் சிதையும் வினைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற வழக்கில், ஒளிதான் தருகிறது என்ற பெரானின் கட்சி தோற்றது. மோதல் தருகிறது என்று 1921-இல் லிண்டமன் சொன்னது நிலைத்தது.

லேசர்

குமார் பட்டேல் (மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர்) 1964-இல் பெல் ஆய்வகத்தில் செய்த கரியமில வாயு லேசர், படிகள் ஒரே உயரத்தில் இருந்தால் ஆற்றல் எளிதில் கைமாறும் என்ற கொள்கையின் நேர்த்தியான பயன். மின்னிறக்கத்தில் அதிரத் தொடங்கும் நைட்ரஜனால் அந்த ஆற்றலை ஒளியாக உதற இயலாது. அதன் படிக்கும் கரியமில வாயுவின் ஓர் அதிர்வுப் படிக்கும் உள்ள வேறுபாடு ஒரு சென்டிமீட்டருக்கு 18 அலைகள். அறைவெப்ப ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மோதலில் ஆற்றல் அப்படியே கைமாறுகிறது. லேசர் ஒளி உமிழப்பட்டபின் மூலக்கூறு வந்து நிற்கும் கீழ்ப்படியைக் காலி செய்ய ஹீலியம் சேர்ப்பார்கள்.

இன்றைய நிலை

மூலக்கூற்றுக் கற்றைகளைக் குறுக்கே மோதவிட்டுத் தனி மோதலை ஆராயும் முறைக்காக ஹெர்ஷ்பாக், யுவான் லீ ஆகியோரும், வினையில் பிறக்கும் மூலக்கூறுகளின் அகச்சிவப்பு ஒளியை ஆராயும் முறைக்காக ஜான் பொலானியும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர். 1987 முதல் சிதறும் மூலக்கூறுகளைப் படமாகவே பிடிக்கிறார்கள். ஒரே அதிர்வுப் படியில் மூலக்கூறுகளை நிறுத்த ராமன் விளைவு பயன்படுகிறது. வெளியிடங்களில் ஒலி எவ்வளவு தேயும் என்று கணக்கிட 1993-இல் வந்த ஐஎஸ்ஓ 9613-1 தரநிலை, ஆக்சிஜனுக்கு ஒன்றும் நைட்ரஜனுக்கு ஒன்றுமாக இரண்டு தளர்வு அதிர்வெண்களைக் காற்றின் ஈரத்திலிருந்து கணக்கிடச் சொல்கிறது.