பள்ளிக்கூடத்து அடுப்பு: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு பழைய கணக்கு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஏரிக்கரைக் குப்பங்களில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சார், காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே சமைக்கிறோம். பழைய அடுப்பு துருப்பிடித்துப் போய்விட்டது. வீடியோவில் காட்டுகிறார்களே, நீராவி பாய்லர் வைத்துப் பெரிய கொப்பரையில் சோறு வேகவைப்பது, அதை நம் பள்ளிக்கு வாங்கினால் என்ன?"

நல்ல கேள்வி. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் நெருப்பு வந்த கதை தெரிந்தால்தான் பதிலும் விளங்கும். அதனால் முதலில் வரலாறு, பிறகு என் கருத்து.

பாய்லர் நமக்குப் புதிய பொருள் இல்லை. பழவேற்காடு கடைத்தெரு டீக்கடையில் நிற்கிறதே செம்பு பாய்லர், அதன் நடுவில் ஒரு குழாய் இருக்கும். குழாய்க்குள் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர். நெருப்பை வெளியே வைத்தால் பாதிச் சூடு காற்றோடு போய்விடும். நடுவில் வைத்தால் சூடு தண்ணீரைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். ஆலைகளில் இருக்கும் பல கொதிகலன்களுக்கும் அடிப்படை இதுதான். ஒரே வித்தியாசம், டீக்கடை பாய்லரில் ஆவி தாராளமாக வெளியேறும். ஆலைக் கொதிகலனில் ஆவியை அடைத்துவைத்து அழுத்தம் ஏற்றுவார்கள். பயனும் அந்த அழுத்தத்தில்தான், ஆபத்தும் அதில்தான்.

நம் ஏரிக்கும் விறகுக்கும் பழைய உறவு உண்டு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அந்தக் காலத்து எஞ்சின்களின் கொதிகலனுக்கு விறகு ஏராளமாகத் தேவைப்பட்டது. கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். சென்னை நகரத்து வீட்டு அடுப்புகளுக்கான விறகு ஸ்ரீஹரிகோட்டைத் தீவின் காட்டிலிருந்து வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக, நம் ஏரியைக் கடந்து, படகு படகாகப் போய் பேசின் பிரிட்ஜ் பக்கம் இறங்கியது. இன்று ராக்கெட் ஏவும் தீவு, அன்று சென்னைக்குச் சோறு வேகவைத்த தீவு.

பள்ளிக்கூடத்துக்குள் அடுப்பு வந்தது 1920இல். சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு 1956இல் காமராஜர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. என் வயதுக்காரர்களுக்கு அமெரிக்க 'கேர்' நிறுவனம் கொடுத்த பால் பவுடரின் வாசனை இன்னும் மூக்கில் நிற்கும். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்.

இந்த வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அரிசி எத்தனை கிராம், பருப்பு எத்தனை கிராம், முட்டை எத்தனை என்று எழுதுவார்கள். அடுப்பைப் பற்றி எழுதுவோர் குறைவு. அரிசி தானாக வேகுமா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கணக்கு வாத்தியார் பழக்கம் விடாது.

தொடக்கப்பள்ளியில் 80 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 100 கிராம் அரிசி, ஆக 8 கிலோ. மூன்று பங்கு தண்ணீர் வைத்தால் 24 லிட்டர். இந்தத் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 1,680 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அரிசியையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,900.

காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3,500 கிலோ கலோரி உண்டு. ஆனால் மூன்று கல் அடுப்பில் பாத்திரத்துக்குள் போவது எட்டில் ஒரு பங்குதான். மீதி புகையாகவும் அனலாகவும் போய்விடும். ஆக, உலை கொதிக்க மட்டும் 4 கிலோவுக்கு மேல் விறகு. அதே வேலைக்கு எரிவாயு எவ்வளவு? ஒரு கிலோ எரிவாயுவில் சுமார் 11,000 கிலோ கலோரி. நல்ல பர்னர் அதில் 65 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும். 270 கிராம் போதும். சோறு வேகவும் குழம்பு கொதிக்கவும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். விகிதம் மாறாது.

இந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. வீணாய்ப் போன அந்த ஏழு பங்கும் எங்கே போனது? புகையாய்ப் போனதெல்லாம் சமையலர் அம்மாவின் நெஞ்சுக்குள் போனது. சவுக்கு விறகு கிடைத்தால் பரவாயில்லை. சீமைக்கருவேல், தென்னை மட்டை, பனை மட்டை என்று கிடைத்ததை எல்லாம் எரித்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகு நனைந்துவிட்டால் ஊதுகுழலும் கையுமாகப் பாடுபடுவார்கள். புகை வகுப்பறைக்குள் வந்தால் ஜன்னலைச் சாத்துவோம். சாத்தினால் புழுக்கம். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். வீட்டு அடுப்புப் புகையால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 32 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. எந்த விறகுச் செலவுப் பதிவேட்டிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

புகையைக் குறைக்க யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1950களிலேயே ஹைதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி.ராஜு புகைபோக்கி வைத்த அடுப்பை உருவாக்கினார். 1983இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கென்று தேசியத் திட்டமே கொண்டுவந்தது. அடுப்பு நல்ல அடுப்புதான். ஆனால் புகைபோக்கியில் கரி அடைத்தால் சுத்தம் செய்ய வேண்டும், மண் வெடித்தால் பூச வேண்டும். கொடுக்கும்போது இருக்கும் அக்கறை, பராமரிப்புக்கு வரும்போது இருப்பதில்லை.

இனி மனம் கனக்கும் பகுதிக்கு வருகிறேன்.

2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். அன்று தமிழ்நாட்டில் எந்த ஆசிரியரும் தூங்கியிருக்க மாட்டார். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது, சமையற்கூடம் வகுப்பறையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் கண்டிப்பாயிற்று.

இதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பு, 1937 மார்ச் 18 அன்று, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். குளிர் நாடுகளில் பள்ளிக்குப் பாய்லர் வைப்பது வகுப்பறையைச் சூடாக்க. அந்தப் பள்ளிக்குக் கட்டடக் கலைஞர் போட்ட திட்டத்தில் கொதிகலனும் நீராவிக் குழாய்களும் இருந்தன. நிர்வாகம் அதை விட்டுவிட்டு, கட்டடம் முழுக்க 72 எரிவாயு ஹீட்டர்களை வைத்தது. பிறகு எரிவாயுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் கழிவு வாயுக் குழாயில் இணைப்பு எடுத்தார்கள். அந்த வாயுவுக்கு மணம் இல்லை. கசிந்து தரைக்கு அடியில் தேங்கியது யாருக்கும் தெரியவில்லை. ஒரு பொறி பட்டது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமாகிப் பரவியது. இன்று நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே ஒரு நாற்றம், அதற்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கொதிகலன் சட்டமும் இப்படித்தான் வந்தது. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறு ஆண்டே வங்காளத்தில் சட்டம் போட்டார்கள். பிறகு 1923இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது, 2025இல் அது புதுப்பிக்கப்பட்டது. அளவில் 25 லிட்டருக்குக் குறைந்ததற்கும், அழுத்தம் மிகக் குறைந்ததற்கும் விலக்கு உண்டு. மற்றபடி பதிவு வேண்டும், ஆண்டுதோறும் ஆய்வு வேண்டும், பெரிய கொதிகலனை இயக்கச் சான்று பெற்ற ஆள் வேண்டும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நம் குப்பத்துப் பள்ளிக்கு நீராவி பாய்லர் ஆகுமா?

ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் சமைக்கும் கூடத்துக்கு அது அருமையான பொருள். நல்ல கொதிகலன் எரிபொருளின் வெப்பத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஆவிக்குக் கொடுக்கும். ஆனால் 80 பிள்ளைகளுக்கு அதை மூட்டினால், கொதிகலனையே சூடாக்கத்தான் எரிபொருள் போகும். தேர் வடத்தைக் கொண்டு ஆட்டுக்குட்டியைக் கட்டுவது போல.

தண்ணீர் இன்னொரு சிக்கல். நம் ஏரிக்கரையின் நிலத்தடி நீர் உப்பு. சோற்றுப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அது கொதிகலனுக்குள்ளும் படியும். படிந்தால் சூடு தண்ணீருக்குள் இறங்காது, எரிபொருள் வீணாகும், உலோகம் காய்ந்து கெடும். அதைத் தடுக்கத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி வேண்டும். குடிக்கவே நல்ல தண்ணீருக்கு அலையும் ஊரில் இது நடக்கிற காரியமா?

சரி, தூரத்தில் பெரிய கூடத்தில் சமைத்து வண்டியில் கொண்டுவரலாமே என்பார்கள். நகரத்துக்குச் சரி. பசியாவரம் போன்ற ஊருக்குப் படகில் போய்வந்த காலம் நமக்கு மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை நாளில் சோறு எப்படி வந்து சேரும்? அதோடு, சமைக்கும் வேலை நம் ஊர்ப் பெண்களின் கையை விட்டுப் போய்விடும்.

ஆகவே என் கருத்து இதுதான். நம் பள்ளிகளுக்கு எரிவாயு அடுப்பும் பெரிய பிரஷர் குக்கரும் போதும். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறும், சீக்கிரம் வெந்துவிடும். அதுவும் ஒரு குட்டிக் கொதிகலன்தான்! ஆனால் வாங்குமுன் நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, அடுப்பின் சட்டம் உப்புக் காற்றைத் தாங்க வேண்டும். சாதா இரும்பு நம் ஊரில் சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

இரண்டு, சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரைமட்டத்தில் காற்றோட்டம் வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

மூன்று, ரப்பர் குழாயும் குக்கர் வாஷரும் வால்வும் எந்தத் தேதியில் மாற்றினோம் என்று சுவரிலேயே எழுதிவையுங்கள்.

நான்கு, மழைக்காலத்துக்கு ஒரு சிலிண்டர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

விலைப்பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சமைக்கும் அம்மாவைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அவர் பேச்சைக் கேட்டு முடிவெடுங்கள். இந்த நூறு வருடக் கதையில் யாரும் அவர்களைக் கேட்டதாக நான் படித்ததில்லை. அந்த அடுப்போடு காலம் தள்ளப்போகிறவர் அவர்தான்.

உங்கள் பள்ளியில் அன்று எந்த அடுப்பு, என்ன விறகு, யார் சமைத்தார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்