ஓரியின் மார்பும் வேடனின் காலும்

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் தாத்தா காலத்து மான் வேட்டையைப் பற்றிச் சொன்னது இரண்டே விஷயம்: "காத்து நம்ம மூஞ்சியில அடிக்கணும். மான் கிட்டத்துல வந்தா செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கணும்." காற்று முதுகுப்பக்கம் இருந்தால் மனித வாடை முந்திப் போய்விடும், சருகில் செருப்புப் பட்டால் மான் காதுக்கு அது போதும். முள்ளுக்குச் செருப்பு, மானுக்கு வெறுங்கால்.

நம் இலக்கிய வரலாறோ வில்லோடு நின்றுவிட்டது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் கொல்லித் தலைவன் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் சாய்க்கிறது. (அந்த மான் எந்தக் காற்றில் நின்றதோ!) அவன் மார்பில் ஆரத்தைப் பார்த்ததுமே, இவன் கறி விற்கிறவன் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார் வன்பரணர். விற்றுப் பிழைக்கிற வேடன் அந்த ஒரு சொல்லில் பிரதிக்கு வெளியே தள்ளப்படுகிறான்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் அவன் திண்ணனாகத் திரும்பி வருகிறான், செருப்போடு. சிவன் முடியிலிருந்த பூவைச் செருப்புக் காலால் தள்ளுகிறான். மறுநாள் சிவகோசரியார் இறைச்சியைப் பார்த்துப் பதறி, இடத்தைச் சுத்தி செய்கிறார். மானுக்குத் தெரியாமல் மறைத்த வாடை கோயிலில் தீட்டாகிறது. கண்ணைத் தோண்டிக் கொடுத்த பிறகே அவன் கண்ணப்பன்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தோடு மான் வேட்டை குற்றமானது. மான் பிழைக்கட்டும், எனக்கு அதில் தகராறில்லை. செருப்பைப் பற்றித்தான் திரும்பவும் கேட்டேன். பெரியவர் சிரித்தார்: "காட்டுல மட்டுமா? கீழ ஊர்த் தெருவுல போறப்பவும் கையிலதான் இருந்துச்சு."