ஒற்றைக் குற்றவாளி

துப்பறியும் கதையைத் தமிழில் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் எங்கள் பழைய வட ஆற்காடு ஜில்லாக்காரர், ஆரணி குப்புசாமி முதலியார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெயினால்ட்ஸையும் கானன் டாயிலையும் தழுவி எழுதிக் குவித்தவர். அந்த வகை நாவல்களின் கடைசி அத்தியாயத்தில் வேஷம் கலையும், உயில் அகப்படும், செத்தவன் திரும்பி வருவான். வாசகனை அது உறுத்தவில்லை. உலகத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு, தற்செயல் அதன் சேவகன் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது. இன்று நம்பிக்கை போய்விட்டது. தற்செயல் மட்டும் உத்தியாக மிஞ்சியிருக்கிறது.

விதிவிலக்கு, 1954இல் எஸ். பாலசந்தர் பாட்டும் நடனமும் இல்லாமல் எடுத்த 'அந்த நாள்'. ரேடியோ என்ஜினீயர் சுடப்பட்டு இறக்கிறான். துப்பாக்கி மனைவியின் கையில் இருந்தது என்பது கடைசியில் தெரிகிறது. இந்தத் திருப்பத்துக்காக நான் படத்தை மதிக்கவில்லை. சந்தேகிக்கப்பட்ட ஒவ்வொருவரிடமும் அவன் சாவதற்கான ஒரு காரணம் இருந்தது. முடிவு வந்த பிறகும் அந்தக் காரணங்கள் அழிவதில்லை. அவர்கள் கொலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

2022இல் வெளிவந்த 'சுழல்' தொடரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எழுத்து புஷ்கர்–காயத்ரி, இயக்கம் பிரம்மா, அனுசரண். வேலைநிறுத்தம், எரிந்துபோகும் சிமெண்ட் தொழிற்சாலை, காணாமல் போகும் பெண், நடுவில் மயானக் கொள்ளை. திருவிழாவும் குற்றமும் ஒரே வேளையில் வருவது எனக்குத் தடையில்லை. சிவராத்திரி கழிந்து வேலூர்ப் பாலாற்றங்கரையில் அங்காளம்மன் வேஷத்தைப் பார்த்தவர்களுக்கு அது செயற்கையாகப் படாது. குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்த உறவினர் என்பதும் நம்பக்கூடியதே. குழந்தைகளைச் சீரழிப்பவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்கள்தான். நம்ப முடியாதது ஒன்றுதான்: அந்த ஒரு முகம் வெளிப்பட்டதும் முதலாளி, சங்கம், போலீஸ், ஊர் எல்லாம் கதையிலிருந்து விடுதலையாகிவிடுவது. 2025இல் வந்த இரண்டாம் பாகத்தில் எட்டுப் பெண்கள் தனித்தனியே கொலையை ஒப்புக்கொள்கிறார்கள்; அஷ்டகாளிக்கு எட்டுப் பேர். இவ்வளவு சுத்தமாக டாலியாகும் கணக்கைக் கண்டால் வங்கியில் நாங்கள் இன்னொரு முறை வவுச்சர்களைப் புரட்டுவோம்.

நான் வேலை பார்க்கும் ஆம்பூரில் ஒரு குற்றம் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. டேனரிக் கழிவு பாலாற்றில் இறங்கியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டது என்று 1996 ஆகஸ்ட் 28இன் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அன்று டேனரி ஒன்றுக்கு விதித்த அபராதம் 10,000 ரூபாய். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் உட்பட பத்துப் பேர் செத்தார்கள். 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுதவேண்டி வந்தது. இதற்குக் கடைசி அத்தியாயம் இல்லை.

இதை யாராவது தொடராக எடுக்க வந்தால், எட்டாவது அத்தியாயத்தில் யாரைக் கைகாட்டுவார்கள்? டேனரி முதலாளியையா, கண்ணை மூடிக்கொண்ட அதிகாரியையா, மலிவாக ஷூ கேட்ட ஐரோப்பியனையா, கடன் கொடுத்த வங்கியையா, அதன் லெட்ஜரில் பற்று எழுதிச் சம்பளம் வாங்கும் என்னையா? இவர்களில் ஒருவனைப் பிடித்துக்கொடுத்துவிட்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புகிற முடிவு, எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும், பொய்தான்.