ஜன்னல் விழும் நகரம்

2004 அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு ரிவெட்டுக்கு எதிராக உத்தரவு பிறந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய உலோக ஆணி அது. வெளிப்பக்கமாகத் திறக்கும் ஜன்னல்களில் கண்ணாடிச் சட்டத்தையும் அதைத் தாங்கும் எஃகுக் கையையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்த ரிவெட் அலுமினியமாக இருந்தால் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகில் மாற்ற வேண்டும் என்றது உத்தரவு. மாற்றாத வீட்டுக்காரருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கவனிக்காமல் விட்டு ஜன்னல் விழுந்தேவிட்டால் அபராதம் 10,000 வெள்ளி வரை, சிறை 12 மாதம் வரை.

ஒரு ஆணிக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் உயரம், 6 மில்லிமீட்டர் தடிமன். இந்த அளவுள்ள கண்ணாடி மட்டுமே கிட்டத்தட்ட 11 கிலோ. பத்தாவது மாடியின் உயரம் சுமார் 28 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து விழும் பொருள் இரண்டரை வினாடிக்குள் தரையைத் தொடும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். கீழே நடந்து போகிறவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த நகரத்தின் வரலாற்றை உயரத்தின் வரலாறாகவே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பம் தீயில் எரிந்து, ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பள்ளிக்கூடத்தில் படித்தது இவ்வளவுதான். கட்டி முடித்த பிறகு அந்த வீடுகளை யார் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை. கட்டுவதற்குத் திறப்பு விழா இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. பழுது பார்ப்பதற்கு ரசீது மட்டும்தான். அதையும் ஆறு மாதத்தில் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

கம்பத்திலும் தோட்டத்திலும் ஜன்னல் இப்படிப்பட்ட பிரச்சினையாக இருந்ததில்லை. என் பாட்டி ஜோகூர் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அங்கே ஜன்னல் என்றால் பலகைதான். கீல் கழன்றால் பழைய டயரிலிருந்து ஒரு துண்டு வெட்டி, நாலு ஆணி அடித்துவிடுவார்களாம். "அது வுழுந்தா என்னா, கோழி மேலதான் வுழும்" என்பார். தரையோடு இருந்த காலத்தில் கீல் கெடுவது ஒரு சின்னத் தொல்லை. வீடு மேலே ஏறியதும் அதே பழுது குற்றமாக மாறியது. கீலில் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. அதற்குக் கீழே இருந்த தூரம்தான் மாறியது.

இந்தச் சொற்களையும் கொஞ்சம் கவனிக்கலாம். ஜன்னல் போர்த்துகீசியர்களிடமிருந்து வந்த சொல். மலாய்க்காரர்கள் 'ஜெண்டேலா' என்பதும் அதே மூலத்திலிருந்துதான். சாவியும் அப்படி வந்ததே. கீல் என்ற சொல்லையும் பாருங்கள். மரத்தின் மூட்டுக்கும் உடம்பின் மூட்டுக்கும் அதே சொல்தான். அதனால்தான் மூட்டு நோய்க்குக் கீல்வாதம் என்று பெயர். வயதானால் முழங்காலுக்கு வருவது ஜன்னலுக்கும் வரும் என்பதை நம் மொழி எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறது.

இனி அந்த ரிவெட் ஏன் தோற்றது என்று பார்ப்போம். மரச் சட்டமும் இரும்புச் சட்டமும் மெல்ல விலகி, அலுமினியச் சட்டம் வீடுகளை நிறைத்தது. லேசானது, துருவேறாது, பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை. ஜன்னலைத் தாங்கும் கைகள் மட்டும் துருப்பிடிக்காத எஃகு. இரண்டையும் இணைக்க அலுமினிய ரிவெட்டைப் போட்டார்கள். அலுமினியத்தோடு அலுமினியம் சேருவது நல்லதுதானே என்று தோன்றும். சிக்கல் இன்னொரு பக்கத்தில் இருந்தது. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் பட்டால் அது ஒரு குட்டி பேட்டரியாகிவிடும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். எஃகுக் கை பெரிது, ரிவெட் மிகச் சிறிது. அதனால் அரிப்பு முழுவதும் அந்தச் சின்ன ஆணியிலேயே குவிகிறது. நாலு பக்கமும் கடல், வருஷம் முழுக்க மழை, காற்றிலேயே புழுக்கம். இந்த வேதியியலுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

எஃகு ரிவெட் போட்டால் கணக்கு தலைகீழாகிறது. இப்போது சிறியது எஃகு, பெரியது அலுமினியச் சட்டம். அரிப்பு பரவலாகப் போய் மிகவும் மெதுவாகிவிடுகிறது. தடுத்து நிறுத்தியது என்று சொல்ல முடியாது, தள்ளிப்போட்டது எனலாம். பராமரிப்பு என்பதே தள்ளிப்போடும் கலைதானே.

எங்கள் வீடு தோ பாயோவில் ஒரு பழைய மூவறை வீடு. போன ஆண்டு சமையலறை ஜன்னலின் கைப்பிடி திருகவே மாட்டேன் என்றது. ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் ஓர் அண்ணன் வந்து பார்த்தார். நான் கைப்பிடியைக் காட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. ஜன்னலைப் பாதி திறந்து, மூலையைப் பிடித்து லேசாகத் தூக்கினார். அது தூக்கிய கைக்கு ஏறி வந்தது.

"கைப்பிடி நல்லாத்தான் இருக்கு தம்பி. கீல் தொங்கிப்போச்சி. சட்டம் கீழ எறங்குனா பூட்டோட நாக்கு ஓட்டையத் தேடும், கெடைக்காது. நீங்க முறுக்குறீங்க, அது ஒடியுது. அப்புறம் பூட்ட மாத்துறீங்க. புதுப் பூட்டும் மூணு மாசத்துல போயிரும்."

கைக்குத் தெரிவது பூட்டு, நோய் இருப்பது கீலில். இதைக் கேட்டபோது எனக்கு ஜன்னல் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு டார்ச் அடித்து ஒரு ரிவெட்டைக் காட்டினார். அதன் தலையைச் சுற்றிக் கோலமாவு தூவியதுபோல வெள்ளைப் பொடி. "இதான் தம்பி. அலுமினியம் துருப்புடிச்சா செவப்பா வராது. இப்பிடி வெள்ளையா வரும். அதனாலதான் யாரும் கண்டுக்க மாட்டாங்க, தூசின்னு தொடச்சிருவாங்க." முன்பு பழுது பார்த்த யாரோ எஃகு ரிவெட்டுகளுக்கு நடுவே இரண்டு அலுமினியத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஜன்னலைக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு, பழைய தலையைத் துளைபோட்டு எடுத்தார். புதியதை நுழைத்துத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் இழுத்தார். 'டக்' என்று உள்ளிருந்த கம்பி முறிந்தது. "இந்தச் சத்தம் கேக்கணும். கேக்கலன்னா புடிக்கலன்னு அர்த்தம்." மொத்த வேலையும் அரைமணி நேரம்தான். போகும்போது கீலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.

அந்த ரசீதை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

இங்கே சட்டம் எடுத்த ஒரு முடிவை யோசிக்க வேண்டியிருக்கிறது. 1964இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேம நிதிப் பணத்தில் வீடு வாங்கலாம் என்றானது. வாடகைக்காரர்களாக இருந்த எளிய மக்கள் உரிமையாளர்களானார்கள். அது சாதாரண விஷயமில்லை. என் தாத்தாவின் தலைமுறைக்குச் சொந்தப் பூட்டு, சொந்தச் சாவி என்பதே பெரிய கனவு. ஆனால் வீட்டோடு சேர்த்து அதன் ஜன்னலையும், ஜன்னலோடு சேர்த்து அதன் கீலையும் வாங்கினோம். ஒரு தொழிலே பழக்கமாகச் செய்துவந்த தவறை 2004 உத்தரவு திருத்தியபோது, மாற்றும் பொறுப்பும் செலவும் வீட்டுக்காரர் பக்கம் வந்தன. உடைமை என்பது உரிமை மட்டுமல்ல, பழுதுக்கான பொறுப்பும்தான் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்திருக்கும்.

அந்த வீட்டுக்காரர் பொறுப்பை யாரிடம் கொடுத்தார் என்று பின்தொடர்ந்து போனால் இந்த வரலாற்றின் இருண்ட பகுதிக்கு வந்துசேர்வோம். ஜன்னலைத் தினமும் திறந்து மூடி, துடைத்து, அதன் பாரத்தைக் கையில் உணர்கிறவர் பல வீடுகளில் உரிமையாளர் இல்லை, பணிப்பெண். 2012இல் சிங்கப்பூரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் இருந்தார்கள். அந்த ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே உயரமான வீடுகளிலிருந்து விழுந்து பல பெண்கள் இறந்தார்கள். சிலர் ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள். ஜூன் மாதம் மனிதவள அமைச்சு புதிய விதியைக் கொண்டுவந்தது. பணிப்பெண் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைப்பதானால் ஜன்னலில் கிரில் இருக்க வேண்டும், அது பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ அவர் சார்பில் ஒரு பெரியவரோ கூடவே இருக்க வேண்டும். தரைத்தளத்துக்கும் பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்திருக்கும் ஜன்னல்களுக்கும் விலக்கு.

ஜன்னல் விழுந்தால் என்ன தண்டனை என்று 2004இலேயே எழுதிவிட்டோம். ஜன்னலிலிருந்து ஒரு பெண் விழாமல் இருக்க இப்படியொரு விதி எழுத இன்னும் எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இதில் யாரையும் தனியாகக் குற்றம் சாட்டிப் பயனில்லை. கீழே நடந்து போகிறவர் நம்மில் ஒருவர், அதனால் அந்த ஆபத்து உடனே கண்ணில் பட்டது. மேலே நின்று துடைப்பவரின் ஆபத்து வீட்டுக்குள் நடந்தது, வெளியே தெரியவில்லை. நான் வாசித்த இந்த ஊர்க் கதைகளில் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்ப்பவர்கள் நிறைய பேர். அந்தக் கண்ணாடி அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு வெளியே சாய்ந்து கைநீட்டிய ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். அவள் அந்தக் கதைகளில் அநேகமாக இல்லை.

கொஞ்சம் இயந்திரவியல் தெரிந்திருந்தால் இன்னொரு விஷயமும் கண்ணில் படும். ஜன்னல் திறக்கும்போது கீல் பக்கமாகவும் ஓர் இடைவெளி விட்டு நகரும் வகைக் கீல்கள் இருக்கின்றன. அந்த இடைவெளி வழியாக, சாயாமலேயே உள்ளே நின்றபடி வெளிக் கண்ணாடியைத் துடைக்கலாம். விதி ஓர் ஆளை எச்சரிக்கிறது. நல்ல கீல் அந்த எச்சரிக்கைக்கே தேவையில்லாமல் செய்கிறது. ஆனால் ஜன்னல் வாங்கப் போகும்போது நாம் கேட்பது சட்டத்தின் நிறத்தையும் விலையையும்தான்.

இனிமேல் கீலின் வேலை இன்னும் கூடத்தான் போகிறது. குளிர்நாடுகளில் சூட்டைக் காக்க வந்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இங்கே விரைவுச்சாலை ஓரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் சத்தத்தைத் தடுக்க வருகிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடைத்த காற்று, சுற்றிலும் முத்திரையிட்ட விளிம்பு. முத்திரை கெட்டால் நடுவில் பனி படரும், அது கண்ணுக்குத் தெரியும். பாரம் தெரியாது. ஒரே தடிமனில் இரண்டு கண்ணாடி என்றால் எடை இரண்டு மடங்கு. நான் மேலே போட்ட 11 கிலோ 22 ஆகிவிடும். அவ்வளவும் அந்தக் கைகளிலும் ரிவெட்டுகளிலும் திருகுகளிலும்தான் தொங்கும். பழைய கீலிலேயே புதுக் கண்ணாடியை மாட்டச் சொன்ன ஒரு வீட்டுக்காரரைப் பற்றி அந்த அண்ணன் சொன்னார். "முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன் தம்பி. காசு போனாப் போவுது. கீழ விளையாட்டுத் திடல் இருக்கு."

அவர் வேண்டாம் என்று விட்டுவந்த அந்த வேலைக்கு ரசீதுகூடக் கிடையாது.

இதை வாசிப்பவர்களில் பலர் இருபதுகளில் இருப்பீர்கள். உங்கள் வீட்டு ஜன்னலை அப்பாவோ அம்மாவோ, இல்லையென்றால் சம்பளத்துக்கு வந்த ஒரு பெண்ணோ கவனித்துக்கொண்டிருக்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை பார்க்கச் சொல்கிறார்கள். திருகுகளை இறுக்க வேண்டும், அழுக்கை எடுக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும். பக்கவாட்டில் நகரும் ஜன்னலாக இருந்தால், சட்டம் தடத்தை விட்டு வெளியேறாமல் தடுக்கும் கட்டைகளும் பட்டைகளும் இருக்கின்றனவா, தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் துடைக்காதீர்கள். ஜன்னலை மூடிப் பூட்டிவிட்டு, அங்கீகாரம் பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். அவர் வேலை செய்யும்போது ஐந்து நிமிஷம் பக்கத்தில் நில்லுங்கள். அந்த 'டக்' சத்தம் கேட்கிறதா என்று கேளுங்கள்.