சதுரகிரி சித்தர் நம்பிக்கையும் செண்பகத்தோப்பு வனமும்

செண்பகத்தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளது. காட்டழகர் கோயிலுக்கு இவ்வழியே செல்வர். இதே மலைத்தொடரில், வத்திராயிருப்பு அருகே தாணிப்பாறையிலிருந்து ஏறும் சதுரகிரியில் சித்தர்கள் இன்றும் கண்ணுக்குப் புலப்படாமல் உலவுவதாகப் பக்தர்கள் நம்புகின்றனர். கோரக்கர் குகையை வணங்கி சுந்தரமகாலிங்கம் கோயிலை அடைகின்றனர். ஆடி அமாவாசையில் பெருங்கூட்டம் கூடும்.

இவ்விரு இடங்களும் அடங்கிய வனம் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டுமே மலையேற அனுமதிக்கப்பட்டது. 2021இல் சரணாலயம் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் இணைந்தது. ஆளரவமற்ற தனிமையே சித்தர் நம்பிக்கைக்கு அடிப்படை. அந்நம்பிக்கை திரட்டிய கூட்டத்திடமிருந்து அத்தனிமையைக் காப்பது வனத்துறையின் பணியாயிற்று.